கறுப்பு ஒயர் வேண்டாத வீடு

ஷூ போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவாள், அதிலென்ன குற்றம்? தெருவில் நடக்கும் செருப்பை, கரண்ட் வேலைக்கு வரும் அம்பிகா வாசலோடு விட்டுவிடுகிறாள். பையிலிருந்து எடுத்து மாட்டுவது வேறு ஜோடி. ஜோடி என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு. ஆம்பூரில் ஷூ கம்பெனி தையல் மிஷின்களுக்குக் கரண்ட் வேலை பார்த்த காலத்தில், கழித்துப் போட்டதில் பொறுக்கியவை. அடியில் தடித்த ரப்பர். "ஷாக் அடிச்சு நான் வுழுந்தா உங்களுக்குத்தானே பேஜாரு?" என்று சிரிப்பாள்.

அடுத்த பழியைக் கேளுங்கள். செல்லம்மாள் வீட்டில் அவள் எல்இடி பல்பு மாற்றிப் போனதிலிருந்து, சுவிட்சை அணைத்தாலும் விளக்கு மங்கலாக எரிகிறதாம். "பொம்பள கை வெச்சா அப்டித்தான்" என்று செல்லம்மாளே ரேஷன் கடை வரிசையில் சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பூர்ணிமா, மாடி ஒயரிங்குக்கு வேறு ஆள் தேட ஆரம்பித்தாள். கம்பெனி மூடிய பிறகு அம்பிகாவுக்குச் சோறு போடுவது இந்த வேலைதான். அவள் மாற்றியதோ ஒரே ஒரு பல்பு!

செல்லம்மாள் வீட்டுக்குக் கூப்பிடாமலே போனாள், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு. கொண்டையில் செருகியிருக்கும் டெஸ்டரை உருவி, முதலில் நன்றாக வேலை செய்யும் பிளக்கில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். "இதுவே பொய் சொல்லிச்சின்னா நான் போய்ச் சேர வேண்டியதுதான்." பிறகு விளக்கை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரில் வைத்தாள். டெஸ்டர் எரிந்தது.

"இன்னாக்கா, ஆஃப் பண்ணியும் கரண்டு இங்கியே நிக்குது?"

மெயினை இறக்கிவிட்டுச் சுவிட்ச் பெட்டியைத் திறந்தாள். உள்ளே அத்தனை ஒயரும் சிவப்பு.

"கரண்டு திரும்பிப் போறதுக்குக் கறுப்பு ஒயரே போடலியா?"

செல்லம்மாளின் குரல் இறங்கியது. "புது வூட்டுல கறுப்பு எதுக்கு, வேணாம்னு நாந்தான் சொன்னேன்."

அவ்வளவுதான் சங்கதி. கரண்ட் வருகிற ஒயரில் மாட்ட வேண்டிய சுவிட்சை, எல்லாம் ஒரே நிறமானதில் எது எதுவென்று புரியாமல், திரும்பிப் போகிற ஒயரில் மாட்டியிருக்கிறான், வீடு கட்டியபோது வந்தவன். அணைத்த பிறகும் கசிகிற துளிக் கரண்டுக்குக் குண்டு பல்பு எரியாது, எல்இடி காட்டிக்கொடுத்துவிட்டது. அணைத்தாயிற்று என்று நம்பி யாராவது ஹோல்டரைத் தொட்டிருந்தால்?

வேறொருத்தி தெருவையே கூட்டி நியாயம் கேட்டிருப்பாள். அம்பிகா ஒயர்களை மாற்றிப் பூட்டினாள். திரும்பிப் போகிற ஒயர்களில் கறுப்பு டேப்பைச் சின்னச் சின்னதாகக் கிழித்துச் சுற்றினாள்.

"ஐயோ, கறுப்பா?"

"கொழந்த கன்னத்துல வெக்கிறதில்லியா? வூட்டுக்குத் திருஷ்டிப் பொட்டுன்னு நெனச்சுக்கோக்கா."

பல்பை மாட்டி, மெயினை ஏற்றி, இருட்டுக்கு ஜன்னலைச் சாத்தி, விளக்கைப் போட்டு அணைத்தாள். விளக்கு பட்டென்று செத்தது. செல்லம்மாள் தானும் ஒருமுறை போட்டு அணைத்துப் பார்த்தாள்.

வாசலில் பூர்ணிமாவும் இன்னும் சிலரும் வேடிக்கை பார்த்து நின்றார்கள். அம்பிகா ஷூவைப் பையில் போட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டினாள். தோள்பாரம் சட்டென்று குறைந்தது. ஏணியின் மறுமுனையைச் செல்லம்மாள் தன் தோளில் வாங்கியிருந்தாள். வாங்கி, அத்தனை பேர் பார்க்க, பூர்ணிமா வீட்டுப் பக்கமாகத் திருப்பினாள்.