வாகீசன் மாஸ்டர் விட்டுப்போன தண்ணீர்

என் தங்கை சிவகௌரியின் கணவன் வாகீசனுக்கு வருகிற மாசியில் ஐம்பது வயது. பழைய மாணவர்கள் சேர்ந்து மலர் வெளியிடுகிறார்களாம். "அன்ரி, வாகீசன் சேரைப் பற்றி நல்லதா ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்று ஒரு பிள்ளை வந்து கேட்டுவிட்டுப் போனாள். மூன்று நாள் யோசித்தேன். நல்லதாக அரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை. ஆகவே உள்ளதை எழுதுகிறேன். போடுவதும் கிழிப்பதும் அவர்கள் பாடு.

நல்லதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வாகீசன் அளவெட்டிக்காரன். இரசாயனவியல் படிப்பிப்பதில் வலிகாமத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. இருபத்திரண்டு வருடமாக ரியூசன் வகுப்பு நடத்துகிறான். குடிக்கமாட்டான், சுருட்டுப் பிடிக்கமாட்டான், தங்கைமேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அவ்வளவுதான் நல்லது.

கலியாணம் செய்து நீர்வேலிக்கு வந்தபோது அவன் கொண்டுவந்தது ஒரு பழைய சைக்கிளும் இரண்டு பெட்டி புத்தகமும். வீடு சிவகௌரியின் சீதனம். பக்கத்தில் இருக்கும் பழைய வீடு என்னுடையது. நான் கலியாணம் கட்டவில்லை. அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் கோப்பு எழுதும் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி, வேலியில் ஆள் குனிந்து போகக்கூடிய ஒரு பொட்டு, அதற்குப் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் பங்கான கிணறு. இந்தக் கிணற்றை மறந்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டுக் கோப்பியில் ஒரு வித்தையும் கிடையாது. கோப்பிக்கொட்டையைத் தாச்சியில் கறுக்க வறுத்து, கொஞ்சம் மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்து மில்லில் அரைத்துப் போத்தலில் போட்டு வைப்போம். காலையில் கேத்திலில் தண்ணீர் கொதித்ததும் தூளில் ஊற்றி மூடிவைத்து, அடங்கினதும் துணியில் வடித்து, பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்போம். வாகீசனும் கலியாணம் செய்து பதினாறு வருடம் அதைத்தான் குடித்தான். ஒரு குறையும் சொன்னதில்லை.

பிறகு அவனுடைய பழைய மாணவன் கஜானன் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தான். டொக்டருக்குப் படிக்கவென்று போனவன், கோப்பிப் பைத்தியமாகத் திரும்பி வந்திருந்தான். சேருக்கென்று ஒரு கண்ணாடிப் புனல், அதற்குள் வைக்கக் கடதாசி, கொக்குக் கழுத்து மாதிரி வாய் நீண்ட கேத்தில், ஒரு சின்னத் தராசு எல்லாம் கொண்டுவந்து கொடுத்தான். அன்றோடு அந்த வீட்டில் சமைக்கிற குசினி ஆய்வுகூடமாகிவிட்டது.

ஒரு கோப்பை கோப்பிக்குப் பதினைந்து கிராம் தூள். பதினைந்து என்றால் பதினைந்துதான். ஒரு துகள் கூடினால் விரலால் எடுப்பான். தண்ணீர் தொண்ணூற்றிரண்டு பாகை. முதலில் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஏனென்று கேட்டால், கோப்பி மூச்சு விடுகிறதாம். பிறகு கேத்திலைப் பிடித்து வட்டம் வட்டமாக ஊற்றுவான். ஐயர் தீபம் காட்டினாலும் அவ்வளவு சிரத்தை இராது. வடித்ததைக் கரண்டியில் எடுத்து வீடு அதிர உறிஞ்சுவான். இத்தனையும் முடிந்து கோப்பையில் இருப்பது தேயிலைச் சாயம் மாதிரி ஒரு தண்ணீர். கொட்டை எதியோப்பியாவிலிருந்து வந்ததாம். பீச் பழமும் மல்லிகைப்பூவும் மணக்கும் என்று பைக்கற்றில் எழுதியிருந்தது. நீர்வேலியில் பீச் பழத்தை யார் கண்டது?

ருசி பார்ப்பதற்குச் சிவகௌரிதான் அகப்பட்டாள்.

"புளிப்புத் தெரியுதோ? பழப் புளிப்பு?"

"இல்லையப்பா. சப்பெண்டு கிடக்கு."

அவள் உண்மையைச் சொன்னாள். அதற்கு அவன் சொன்ன மறுமொழி இது: "உன்ரை நாக்கு கரியிலை வெந்த நாக்கு. இவ்வளவு காலமும் கரித்தண்ணியைக் குடிச்சவளுக்கு என்னத்தைத் தெரியப்போகுது?"

சொன்னதோடு நிற்கவில்லை. குசினியில் கெட்ட மணம் வந்து கொட்டையில் ஏறுகிறது என்று, அவள் வறுத்து வைத்திருந்த தூளைப் போத்தலோடு எடுத்துப்போய் வாழையடியில் கொட்டினான். வாழைக்கு நல்ல பசளையாம். சீதன வீட்டில், தன் சொந்தக் குசினியில், என் தங்கைக்கு ஒரு வாய் கோப்பி காய்ச்சிக் குடிக்க உரிமை இல்லாமல் போனது. கள்ளுக்கொட்டிலுக்குப் போகிற ஆம்பிளை மாதிரி, தினமும் காலையில் வேலிப் பொட்டால் குனிந்து என் வீட்டுக்கு வந்து குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுப் போவாள். இரண்டரை வருடம் அப்படி வந்தாள். எனக்கு அவனை நினைக்க நினைக்கப் பற்றி எரியும்.

போன வருடம் கொழும்பில் கோப்பி வடிக்கும் போட்டி ஒன்று வைத்தார்கள். இயந்திரம் இல்லாமல், கையால் ஊற்றி வடித்து, மூன்று நடுவர்களுக்கு ஆளுக்கொரு கோப்பை கொடுக்க வேண்டும். வாகீசன் பெயர் கொடுத்தான். கொடுத்ததை வகுப்பில் சொன்னான், கோயிலில் சொன்னான், சலூனில் சொன்னான். வென்றால் ஊரில் வகுப்பைக் குறைத்துக்கொண்டு வீட்டிலேயே கோப்பி வடிக்கப் பழக்கும் நிலையம் தொடங்கப் போவதாகவும் சொன்னான். வீட்டில் என்றால் எங்கே? குசினியில்தான். சுவரை இடித்துப் பெருப்பிக்க மேசனைக் கூட்டிவந்து அளந்தும் விட்டான். சிவகௌரிக்குச் சமைக்கப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் போடலாமாம்.

அன்று பின்னேரம் நான் எங்கள் பிள்ளையாரிடம் போய் நேர்ந்தேன். "அப்பனே, உவன் தோக்க வேணும். தோத்தால் உனக்கு ஒன்பது தேங்காய்." சொந்தத் தங்கையின் புருஷன் தோற்க வேண்டும் என்று நேர்த்தி வைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெட்கப்படவில்லை.

நாலு மாதம் வடித்து வடித்துப் பழகினான். புளிப்பு வரவில்லை, வரவில்லை என்று இன்னும் புளிப்பான கொட்டையாகத் தேடித் தேடி எடுத்தான். வறுப்பைக் குறைத்தான். தண்ணீரின் சூட்டை மாற்றினான். கடைசியில் ஒரு நாள், அவன் எதிர்பார்த்த அளவுக்கு மெல்லிய புளிப்பு வந்துவிட்டது என்று துள்ளினான். இத்தனையும் எங்கள் கிணற்றுத் தண்ணீரில்.

புறப்படுகிற அன்று விடிய, றெயினுக்குப் போக ஓட்டோ வந்து வாசல் படலையில் நின்றது. தராசும் கேத்திலும் பஞ்சு சுற்றிப் பெட்டியில் ஏறின. சிவகௌரி பத்து லீற்றர் கான் ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிக் காவிக்கொண்டு வந்து படலையடியில் வைத்தாள். நானும் வேலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"இதையும் கொண்டுபோங்கோ. கொழும்புத் தண்ணியிலை உது வேறை மாதிரி வரும். சொந்தத் தண்ணி கொண்டு வரலாமெண்டு போட்டிக்காரர் தந்த தாளிலையும் கிடக்கு."

"விசர்க்கதை கதையாதை, கௌரி. ஆரும் நீர்வேலியிலையிருந்து கொழும்புக்குத் தண்ணி காவுவினமோ? அங்கை வாறதெல்லாம் பெரிய ஆக்கள். பட்டிக்காட்டான் எண்டு சிரிப்பினம்."

ஓட்டோ போய்விட்டது. கான் படலையடியில் நின்றது.

அடுத்த நாள் போட்டியை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். என் குசினியில் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டு, நானும் தங்கையும் ஆளுக்கொரு பேணி கோப்பியோடு இருந்து பார்த்தோம். வாகீசன் கோட்டுப் போட்டிருந்தான். இங்கிலீசில் ஒரு பிரசங்கம் வைத்தான். நடுவர்களுக்கு மெல்லிய பழப் புளிப்பும் தேனும் தெரியும் என்றான். வட்டம் வட்டமாக ஊற்றினான். மூன்று கோப்பையையும் கொண்டுபோய் வைத்தான். நடுவில் இருந்த பெண் ஒரு வாய் உறிஞ்சினாள். பச்சைப் புளியங்காயைக் கடித்தவள் மாதிரி ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. மற்ற இருவரும் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்கள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பதினைந்து பேரில் பதினான்காவது. பதினைந்தாவது ஆள் கோப்பையைக் கீழே போட்டு உடைத்தவர். பிள்ளையாரின் காரியம் கச்சிதம் என்று திரும்பினால், சிவகௌரி அழுகிறாள்.

"என்னக்கா சிரிக்கிறாய்? அந்தாளின்ரை முகத்தைப் பார்."

நான் பார்த்தேன். வியர்த்து, ஒன்றும் விளங்காமல், தராசைத் துடைத்துக்கொண்டு நின்றான். எனக்கு இரக்கம் வரவில்லை. அன்றே ஒன்பது தேங்காயும் உடைத்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தான். துக்கம் விசாரிக்கிற மாதிரி, வகுப்புப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் ஏழெட்டுப் பேர் வந்து விறாந்தையில் இருந்தார்கள். சிவகௌரிக்குக் கையுதவியாக நானும் போயிருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு இருப்பான் என்று பார்த்தால், ஆள் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

"றெயினிலை வரேக்கை யோசிச்சுக் கண்டுபிடிச்சன். பிரச்சினை கோப்பியிலை இல்லை, தண்ணியிலை. எங்கடை சுண்ணக்கல்லுத் தண்ணி. வன்மை கூடின தண்ணி. அது புளிப்பைத் தின்னும். கொழும்புத் தண்ணி தின்னாது. இஞ்சை நான் நாலு மடங்கு புளிப்பைக் கூட்டித்தான் சரியான ருசி எடுத்தனான். அங்கை அந்தப் புளிப்பு முழுக்க அப்பிடியே நிண்டிட்டுது. இதை உலகத்திலை ஒருத்தரும் யோசிச்சிருக்க மாட்டினம்."

இருபத்திரண்டு வருடமாக நீரின் வன்மையை ஒவ்வொரு வகுப்புக்கும் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவன், அது தன் கிணற்றிலும் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்திருக்கிறான். வந்தவர்களும் "ஓம் ஓம், எங்கடை தண்ணி மாதிரி வருமோ" என்று தலையாட்டினார்கள். கொழும்புத் தண்ணீர் சரியில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் எவன் மறுக்கப் போகிறான்? ஆள் தப்பிவிட்டான் என்று நினைத்தேன்.

அப்போது சிவகௌரி கதவு நிலையில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"கண்டுபிடிக்க என்ன கிடக்கு? உங்கடை கேத்திலுக்குள்ளை கிழமைக்குக் கிழமை வெள்ளையாக் கல்லுப் படியும். தேசிக்காய்ப் புளி விட்டு உரஞ்சிறது நான். கல்லும் கரைஞ்சிடும், விட்ட புளியும் புளிக்காது. எங்கடை தண்ணி புளியைத் தின்னுமெண்டு எனக்கு முதலே தெரியும். அதுதான் தண்ணி நிரப்பித் தந்தனான். நீங்கள் படலையடியிலை விட்டிட்டுப் போனனீங்கள். அந்தா, இன்னும் நிக்குது."

எல்லாரும் திரும்பிப் படலையைப் பார்த்தார்கள். கான் நின்றது. வாகீசனும் பார்த்தான். சிவகௌரி நடந்துபோய்க் கானைத் தூக்கிக்கொண்டு வந்து, குசினியில் எங்கள் அம்மாவின் பழைய கேத்திலில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். "அக்கா, உன்ரை தூள் போத்தலை எடுத்துக்கொண்டு வா" என்றாள். பொட்டால் ஓடிப்போய் எடுத்துவந்தேன். எட்டுப் பேருக்கும் கறுத்தக் கோப்பி கொடுத்தாள். அவனுக்கும் ஒரு பேணி. கடைசிச் சொட்டுவரை குடித்தான். சுவர் இடிக்கிற கதை அதோடு முடிந்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போல இரண்டு பேணி கோப்பி வடித்து, பனங்கட்டியை உடைத்து வைத்துவிட்டு இருந்தேன். ஏழு மணியாயிற்று, ஏழரையாயிற்று. சிவகௌரி வரவில்லை. பொட்டடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அவர்களுடைய குசினிக் கதவு திறந்திருந்தது. உள்ளே வாகீசன் தராசை வைத்துக்கொண்டு நின்றான்.

"எத்தினை கிராம் போடுறனீ?"

"ஒரு பிடி."

"ஒரு பிடி எண்டால் எத்தினை? இதிலை வை, பாப்பம்."

மடையன் மடையன்தான். அவளுடைய மூடின கையைப் பிடித்துத் தராசுத் தட்டுக்கு மேலே கொண்டுபோய் மெல்ல விரித்தான். தூள் கொட்டியது. இலக்கத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு பிடி அள்ளச் சொன்னான். மூன்று தரமும் ஒரே நிறை. அவன் தராசைத் தட்டித் தட்டிப் பார்க்க, அவள் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ வருடம்.

திரும்பி வந்து என் பேணியை எடுத்துக் குடித்தேன். அவளுக்குக் குசினி திரும்பக் கிடைக்க வேண்டும் என்றுதான் நேர்ந்தேன். கிடைத்துவிட்டது. அது கிடைத்தால் என்னுடைய குசினிக்கு அவள் வரத் தேவையில்லை என்பதை நான் யோசிக்கவேயில்லை. இரண்டரை வருடமாக அவனைத் திட்டித் திட்டி நாங்கள் குடித்த கோப்பிதான் எனக்கு அந்தந்த நாளின் சந்தோசம் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

அவளுடைய பேணியை எட்டரை மணி வரைக்கும் மூடி வைத்திருந்தேன். பிறகு எடுத்துக்கொண்டு போய் வாழையடியில் ஊற்றினேன்.