அறுபத்தைந்து வயதில் எந்த நாடு?

கனடாவின் ரெஜினா நகரில் பிப்ரவரி பிறந்துவிட்டால் மனிதர்கள் ஒருவரையொருவர் விசாரிக்கும் விதமே மாறிவிடுகிறது. நம் ஊரில் "சாப்டாச்சா" என்று கேட்கிற மாதிரி இங்கே "ஆர்.ஆர்.எஸ்.பி போட்டாச்சா" என்கிறார்கள். வெளியே மைனஸ் முப்பது. மூக்குக்குள் முடி உறைந்து குத்துகிறது. அந்தக் குளிரில் பஸ் நிறுத்தத்தில் நின்ற முன்பின் தெரியாத கிழவர்கூட என்னிடம் அதைத்தான் கேட்டார். போட்டாச்சு என்று பொய் சொன்னேன். சாப்பிடாமலே சாப்பிட்டாச்சு என்று சொல்லிப் பழகிய வாய்.

அது ஒரு சேமிப்புக் கணக்கு. மார்ச் தொடக்கத்துக்குள் போட்டால் போன வருட வரி குறையும். இதற்குப் போட்டியாக டி.எஃப்.எஸ்.ஏ என்று இன்னொன்று உண்டு. நானும் என் மனைவி செல்வியும் ஐந்து வருடம் சேர்த்த பதினோராயிரம் டாலர் எதற்குள் போகவேண்டும் என்பதில்தான் எனக்குத் தூக்கம் போனது. தப்பான கணக்கில் போட்டுவிட்டால் எங்கள் முதுமையை வரி தின்றுவிடுமே.

நான் எட்டாம் வகுப்போடு நின்று, அருப்புக்கோட்டையில் பரோட்டாக் கல்லுக்குப் பின்னால் வளர்ந்தவன். இங்கும் சமையல்காரன்தான். படிப்பு விட்டுப்போன இடத்தையெல்லாம் எனக்குக் கவலை நிரப்பிவிட்டது. இந்த நாட்டுக்குக் கிளம்பிய அன்று மதுரை பஸ்ஸில், பாளையம்பட்டி தாண்டுவதற்குள் பாஸ்போர்ட்டை மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். கண்டக்டர் பொறுக்க முடியாமல், "அண்ணே, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பாக்குறீகளே, அது என்ன, எறங்கிப் போயிருமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் நாலாவது முறையும் பார்த்தேன்.

வங்கியில் ஹெதர் என்ற பெண் எங்களுக்குக் காபி கொடுத்து உட்காரவைத்தாள். முதலில் என் துணிச்சலை அளக்கவேண்டுமாம்.

"முதலீடு ஒரே வருடத்தில் பாதியாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? விற்பீர்களா, பொறுத்திருப்பீர்களா, மேலும் போடுவீர்களா?"

எனக்குப் பரளச்சியில் எங்கள் மானாவாரிக் காடு முன்னால் வந்து நின்றது. மழை பொய்த்த ஒரு வருடம் உளுந்து பூவோடு கருகியது. பாதி இல்லை, முழுசும். அடுத்த ஐப்பசியில் அப்பா, அம்மாவின் தோட்டை அடகு வைத்து, இன்னும் ஓர் ஏக்கர் சேர்த்து விதைத்தார்.

"மேலும் போடுவோம்."

"முழுவதையும் இழந்த அனுபவம் உண்டா?"

"உண்டு."

"எத்தனை முறை?"

"எந்த வருடத்திலிருந்து எண்ணவேண்டும்?"

ஹெதர் நிமிர்ந்து என்னை மரியாதையாகப் பார்த்தாள். கம்ப்யூட்டர் யோசித்துவிட்டு, நான் மிகத் துணிச்சலான முதலீட்டாளர் என்று தீர்ப்புச் சொன்னது. செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆத்தாடி, இவுகளா? கேஸ அணைச்சமா இல்லையான்னு பாதி வழியில திரும்பி ஓடுற மனுசன்!"

அவள் என்ன சொல்கிறாள் என்று ஹெதர் கேட்டாள். பெருமைப்படுகிறாள் என்றேன். அப்பா செய்தது துணிச்சல் இல்லை, வேறு வழி இல்லை என்று விளக்க என் இங்கிலீஷ் போதவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, எங்கள் நாட்டில் விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாது என்றேன்.

"அடேயப்பா! வருமானம் எவ்வளவு வரும்?"

"அதுவும் கிடையாது."

அவள் அப்பாவும் வானம் பார்த்த கோதுமைக்காரராம். "எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்கு இருந்தது" என்று சிரித்தாள்.

பிறகு விளக்கினாள். நான் என் தொழிலுக்குத் தக்கபடி புரிந்துகொண்டேன். டி.எஃப்.எஸ்.ஏ என்பது முதலிலேயே காசு கட்டி டோக்கன் வாங்கிச் சாப்பிடுவது. வரி கட்டின பணத்தைப் போடுகிறோம், எடுக்கும்போது வரி இல்லை. ஆர்.ஆர்.எஸ்.பி தின்றுவிட்டு எழுந்து கல்லாவில் கொடுப்பது. போடும்போது வரி இல்லை, எடுக்கும்போது உண்டு. ஆனால் விசித்திரமான ஓட்டல்: எழுந்திருக்கும்போது நீங்கள் ஏழையாக இருந்தால் பில் குறையும், பணக்காரனாக இருந்தால் கூடும். வேறு நாட்டில் போய்க் குடியிருந்தால் இந்தக் கடை டோக்கனை அந்த நாடு மதிக்குமா என்பதற்கும் உறுதி இல்லை.

"ஆகையால், அறுபத்தைந்து வயதில் எந்த நாட்டில் இருப்பீர்கள்?"

"இந்தியா" என்றேன் நான்.

"கனடா" என்றாள் செல்வி, அதே நொடியில்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டோம். கல்யாணமாகிப் பதினாறு வருடம். இந்தக் கேள்வியை நாங்கள் ஒருவரையொருவர் கேட்டதே இல்லை. ஒரு வங்கிக்காரி காபி கொடுத்துக் கேட்டுவிட்டாள். படிவத்தின் கட்டத்தில் ஒரு நாட்டுக்குத்தான் இடம் இருந்தது. யோசித்து வாருங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டேன். செல்வி சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். "இந்தா வருதுல்ல? நம்மூருல லாரி வருமா வருமான்னு கொடத்த வச்சுக்கிட்டுப் பாதி ஆயுசு போச்சு. நீங்க போகணும்னா போங்க. நான் இந்தக் கொழாய விட்டு வரமாட்டேன்."

பரளச்சியில் என் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் மச்சானைக் கூப்பிட்டேன், செல்வியின் அண்ணன். தங்கச்சிக்குப் புத்தி சொல்வார் என்று நம்பி.

"மாப்ள, வரணும்னா வாங்க. ஆனா காடு பூராம் கருவேலம். வெட்டித்தான் உள்ள நொழையணும். கரிமூட்டம் போட்டு வித்தேன், எவனும் வரி கேக்கல. ஆமா, அந்த வரி இல்லாத அக்கவுண்டு எம்பேருல ஒண்ணு போட முடியுமா?"

அந்தக் கரிக்காசு எங்கே என்று நான் கேட்கவில்லை. கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தது.

மறுபடி ஹெதர் முன்னால் உட்கார்ந்தோம். எங்களுக்கு ஒரே பதில் இல்லை என்றேன், தப்புச் செய்த பையன் மாதிரி. அவள் சாதாரணமாக, "ஒரே பதில் எதற்கு? இந்தக் கணக்குகள் ஆளுக்கொன்றுதானே" என்றாள். கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒன்று என்ற ஏற்பாடே கிடையாதாம். இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் பத்து நாள் சண்டை மிச்சம். செல்வி பேரில் பாதி, டி.எஃப்.எஸ்.ஏ: கனடாவில் இருக்க. என் பேரில் பாதி, ஆர்.ஆர்.எஸ்.பி: இந்தியாவுக்குப் போக. வரி தெரிந்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஹெதர் இரண்டு முறை சொன்னாள். எனக்கு அதுவும் ஒரு புதுக் கவலை.

கடைசித் தாளில் ஒரு கேள்வி. நீங்கள் இறந்துவிட்டால் பணம் யாருக்கு? நான் செல்வி பேரை எழுதினேன். அவள் தன் தாளில் என் பேரை எழுதினாள். கையெழுத்துப் போட்டபிறகுதான் உறைத்தது: நான் முந்திக்கொண்டால், ஊருக்குப் போவதற்கான காசு, போகவே மாட்டேன் என்றவளுக்கு. அவள் முந்திக்கொண்டால், இங்கேயே இருப்பதற்கான காசு, இருக்க மாட்டேன் என்ற எனக்கு.

இரண்டு தாளையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தாள் ஹெதர். பஸ்ஸில் உறையைத் திறந்து பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இன்னொரு முறை. ஜன்னலுக்கு வெளியே பனி, கண்ணுக்கு எட்டின மட்டும் ஒரு பச்சை இல்லாமல், மழை பொய்த்த வருடத்து நம் காடு மாதிரியே கிடந்தது.

செல்வி உறையைப் பிடுங்கித் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"எத்தன தடவ பாப்பீக? எறங்கி ஊருக்கா போயிரப் போகுது?"