கீறப்பட்ட மாதிரிக் காசு: சேலத்திலிருந்து ஜேடர்பாளையம் வரை

1938, தை மாதம். ஜேடர்பாளையத்தில் பழனியம்மாள் என்பவரிடம் விக்டோரியா ராணி காலத்து மாதிரிக் காசு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினேன். புதுக் காசு வெளியிடுமுன் அச்சு எப்படி விழுகிறது என்று நாணயச்சாலையில் இரண்டு மூன்று அடித்துப் பார்ப்பார்கள். அச்சு வேண்டாமென்று தள்ளிவிட்டால் அந்த இரண்டு மூன்றுதான் மிச்சம். அப்படி ஒன்றைக் கண்ணால் பார்க்கப் பல வருஷமாக அலைகிறேன்.

சேலம் வக்கீல் வரதராஜனும் கூட வந்தார். அவரும் காசு சேகரிப்பவர். நாமக்கல் முப்பத்து மூன்று மைல், பஸ்ஸுக்குப் பதினான்கு அணா. "அசலாக இருந்தால் இருநூறு ரூபாய் தகும், கையோடு கொண்டுவந்திருக்கிறேன்" என்று வழியெல்லாம் சொன்னார். பரமத்திக்கு இன்னொரு பஸ். அங்கிருந்து வெற்றிலைக் கொடிக்கால்கள் வழியாக எட்டு மைல் மாட்டுவண்டி, போகவர ஒரு ரூபாய்.

பழனியம்மாளின் மாமனார் கல்கத்தாவில் நாணயச்சாலைத் துரை ஒருவரிடம் குதிரைக்காரராக இருந்தவராம். துரை கொடுத்த காசு.

"கெணறு வத்திப் போச்சுங்க, ஆழப்படுத்தோணும். இல்லீன்னா இதைக் குடுப்பனுங்களா?" என்றபடி காசு முடிந்திருந்த துணியை அவிழ்த்தார். செம்பு பளபளத்தது. ராணியின் கூந்தல் இழை இழையாகத் தெரிந்தது.

நான் கை நீட்டுமுன் வரதராஜன் எடுத்துக்கொண்டார். பேனாக்கத்தியைத் திறந்து ராணியின் கன்னத்தில் ஒரே இழுப்பு.

"வெறும் செம்பு. கீறல் வேறு. ஐந்து ரூபாய் தரலாம்."

செம்பென்று குழந்தைக்குக்கூடத் தெரியும். விலையைக் குறைக்கத்தான் கீறினார், பாவி!

"இருநூறு தகும் என்று பஸ்ஸில் சொன்னது நீர்தானே ஐயா!" என்று கத்திவிட்டேன்.

பழனியம்மாள் சத்தம் போடவில்லை. "கீறுனவரே எடுத்துக்குங்க சாமி. ஆனா கீறாத காசுக்கு உண்டான வெலையக் குடுத்துப்போட்டுப் போங்க."

வரதராஜன் காசைக் கீழே போட்டுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டிக்காரரோ நுகத்தடியிலிருந்து மாடுகளை அவிழ்த்தார். "அந்தம்மாவுக்குப் பதில் சொல்லிப்போட்டு வாங்க. அதுவரைக்கும் மாடு தண்ணி குடிக்கட்டுங்க."

எட்டு மைல் வெயிலில் நடக்க வக்கீலால் ஆகுமா? கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு இருநூறையும் எடுத்து வைத்துக் காசைப் பையில் போட்டுக்கொண்டார்.

கிணறு ஆழமாகும், அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அந்தக் கோடு இனி எந்தக் காலத்திலும் அழியாது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இப்படிக் காசு தேடி நீங்களும் அந்தப் பக்கம் போவதானால் விடியும்போதே சேலத்தை விடுங்கள். மாலை நாலுக்குப் பிறகு பரமத்தியில் பஸ் கிடையாது. காசை விளிம்பில் பிடித்துப் பாருங்கள். புளி போட்டுத் துலக்கவேண்டாமென்று வீட்டாரிடம் சொல்லுங்கள். துணைக்கு இன்னொரு சேகரிப்பாளரை மட்டும் அழைத்துப் போகாதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் வரதராஜன் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நான் நாமக்கல் வரை நின்றுகொண்டே வந்தேன்.