ஃபிரிட்ஜில் தூங்கிய மேப்பிள்

முதலியார்பேட்டையில் ஒரு வீட்டுக்கு ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கப் போனேன். கதவைத் திறந்தால் பால் இல்லை, மாவு இல்லை, காய்கறி இல்லை. தட்டுகளை எடுத்துவிட்டு, இலையுதிர்ந்த ஒரு முழ மரத்தைத் தொட்டியோடு வைத்திருந்தார் வீட்டுக்காரர். கிளைகளை வளைத்து வடிவம் கொடுக்கச் செம்புக் கம்பி சுற்றியிருந்தது.

"ஜப்பான் மேப்பிள்மா. வருஷத்துல ரெண்டு மாசமாச்சும் குளிர்ல தூங்கணும். நம்மூர்ல குளிருக்கு எங்க போறது?"

ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு குறடு. கடற்கரைப் பக்கத்து பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். விருந்தாளிகளுக்குக் காட்ட, முதலாளி இந்தக் கன்றைச் சித்திரை வெயிலில் மாடியில் வைத்தாராம். இலை கருகியதும், "நீதான் கொன்னுட்ட" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, இவரையும் கன்றையும் ஒரே நாளில் வெளியே தள்ளினாராம்.

நான் தெர்மோஸ்டாட்டை மாற்றும்போது, பட்டையில் தழும்பு விழாதபடி ஒரு கம்பியைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"கெளைய வளைக்கறப்பல்லாம் அந்த மொதலாளி கழுத்துன்னு நெனச்சிக்குவேன்."

"வளந்ததும் என்ன பண்ணுவீங்கண்ணே?"

"அவருக்கே குடுத்துருவேன்."

"மன்னிச்சிட்டீங்களா?"

"நீ வேறம்மா! நாலு பேரக் கூட்டி வெச்சி, எல துளுத்த மரமா அவர் கையில குடுப்பேன். மறுபடியும் மாடியிலதான் வைப்பார், கருகிப்போயிரும். இந்த வாட்டி பழி போட அங்க நான் இருக்கமாட்டேன்."

நான்கு டிகிரியில் நிறுத்திக் கொடுத்தேன். மறுநாள் போன் செய்தார்.

"கரண்ட் போனா எவ்ளோ நேரம் தாங்கும்மா?"

"கதவைத் திறக்காம இருந்தா நாலு மணி நேரம்."

"அவ்ளோதானா?"

சாகக் கொடுப்பதற்காக வளர்க்கிறவரின் குரல் அப்படியா நடுங்கும்?