சப்வூஃபர் மேல் வைத்த கை

ஸ்பீக்கர் நல்லதா கெட்டதா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு முறைதான் இருந்தது. பாட்டைப் போடச் சொல்லிவிட்டு பெட்டிமேல் உள்ளங்கையை வைப்பேன்.

இது என் பிறவிக் கோளாறு இல்லை, பிழைப்புக் கோளாறு. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை. இரும்புச் சட்டங்களை உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கிற இடம். தொட்டிக்கு மேலே, கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கூண்டில் பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்தேன். அங்கே இருக்கிற இரைச்சலில் காதுக்கு வேலை கிடையாது. மோட்டார் திணறுகிறதா, பேரிங் தேய்கிறதா என்பதை லீவர் பிடித்த கைதான் சொல்லும்.

காதுக்கு என்று மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை, விசில் கேட்பது. கீழே சட்டங்களைக் கொக்கியில் மாட்டிவிடுகிற கலாசி என் கூட்டாளி. சட்டம் தொட்டியில் இறங்கியதும் வெள்ளைப் புகை கிளம்பி அவனை மறைத்துவிடும். கைச் சைகை தெரியாது. அப்போது அவன் கழுத்தில் தொங்கும் விசில்தான் பேசும். ஒன்று ஊதினால் தூக்க வேண்டும், இரண்டு ஊதினால் இறக்க வேண்டும், நீட்டி ஊதினால் நிறுத்த வேண்டும். நீட்டி ஊதியது எனக்குக் கேட்கவில்லையென்றால் அவன் உயிர் போகும். அதில் வேறு நுணுக்கம் எதுவும் கிடையாது.

ஒருநாள் புகைக்குள்ளிருந்து தூக்கிய சட்டம் பக்கவாட்டில் ஆடி அவன் ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போனது. நீட்டி ஊதினேன் என்றான். கிரேனின் பிரேக்தான் பிடிக்கவில்லை என்றேன் நான். பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார்கள், குறை எதுவும் தெரியவில்லை. "உனக்கு ஓசியில வகிடு எடுத்து உட்டேன் மாமு, சலூன் செலவு மிச்சம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். ஹெல்மெட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் இருந்தது.

அதிலிருந்து இரண்டு மாதம் கழித்து ஸ்பீக்கர் வந்தது. தண்டையார்பேட்டை வீட்டில் என் மனைவி கம்ப்யூட்டர் வைத்து, அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செத்தவர்களின் முகத்தையே நாள் முழுக்கப் பார்க்கிறவளுக்குப் பாட்டாவது இருக்கட்டும் என்று நானாகப் போய் ஒரு செட் வாங்கினேன். சின்ன ஸ்பீக்கர் இரண்டு, மேஜைக்கு அடியில் வைக்க மரப்பெட்டியில் ஒரு சப்வூஃபர். கடையில் நான்கு செட் போட்டுக் காட்டினார்கள். நான்கின் மேலும் டாக்டர் மாதிரி கை வைத்துப் பார்த்து, நாடி பலமாக இருந்ததை எடுத்து வந்தேன்.

வீட்டில் மாட்டியதும் தரை அதிர்ந்தது, அலமாரித் தட்டு நடுங்கியது, எனக்கு நெஞ்சு நிறைந்தது. அப்புறம்தான் சின்ன ஸ்பீக்கர் இரண்டின் பக்கமும் காதைக் கொண்டுபோனேன். தூரத்து வீட்டு ரேடியோ மாதிரி ஏதோ முனகியது. ஜால்ரா இல்லை, சலங்கை இல்லை.

"ரெண்டும் டம்மி. ஏமாத்திட்டான்" என்றேன்.

"நல்லாத்தான்யா கீது. காதைக் கொடையுது, கம்மி பண்ணு" என்றாள் மனைவி.

"உனக்கு சவுண்டு தெரியாது."

சவுண்டு தெரிந்த நான் மறு ஞாயிற்றுக்கிழமையே செட்டைக் கட்டிக்கொண்டு, சாட்சிக்குக் கலாசியையும் இழுத்துக்கொண்டு, பஸ் ஏறினேன். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் விசில் கழுத்தில்தான் இருக்கும், மற்றவர்கள் சிலுவை போடுகிற மாதிரி.

கடைக்காரர் பொறுமைசாலி. செட்டை மாட்டி, பாட்டைப் போட்டு, கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற டிரெபிள் குமிழை முழுக்கத் திருப்பினார். "இப்போ கேளுங்க சார்."

நான் வழக்கம்போல சப்வூஃபர் மேல் கையை வைத்து, கண்ணை மூடி, நிபுணர் முகத்தோடு நின்றேன். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் கேசட் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். கலாசி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"சின்ன ஸ்பீக்கரை இன்னும் ஆன் பண்ணலையா?" என்றேன்.

கடைக்காரர் குமிழைக் குறைத்தார். கலாசி என் முதுகுப் பக்கமாக நகர்ந்தான். விலை எழுதின அட்டையைப் பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். திடீரென்று கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அந்தப் பெண்மணி பார்த்தார். வாசலில் டீ கிளாஸோடு நின்ற ஆள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார். எல்லோரும் என்னத்தைப் பார்க்கிறார்கள் என்று கடைசி ஆளாக நானும் திரும்பினேன்.

கலாசியின் வாயில் விசில் இருந்தது. கன்னம் உப்பியிருந்தது.

"நீட்டி ஊதுனேன் மாமு" என்றான்.

செட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். எனக்குச் சளி என்றேன். எண்ணெய்க் குளியல் என்றேன். கடைக்குள் ஏசி என்றேன், அந்தக் கடையில் காத்தாடியே சுற்றவில்லை. அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கும்போது மட்டும் என் சட்டையைப் பிடித்து, முகத்துக்கு நேராக நின்று சொன்னான்.

"நாளைக்கு ஃபோர்மேனாண்ட நீயா சொல்றியா, நான் சொல்லட்டா?"

வீட்டுக்கு வந்து நான் செய்த வைத்தியத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இரண்டு காதிலும் நல்லெண்ணெய் விட்டேன். தலையைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தேன். டைம்பீஸைக் காதில் வைத்துப் பார்த்து, அது நின்றுவிட்டது என்று முடிவு கட்டி, சாவியே திருகிக்கொள்கிற அளவுக்கு முறுக்கினேன். மனைவி பிடுங்கி வைத்தாள்.

"ஓடிக்கினுதான்யா கீது" என்றாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "உனக்கு இன்னிக்குத்தான் தெரியுமா? கோயில்ல மணி அடிக்கும்போது முன்னாடி இருக்கறவரு குனிஞ்சாத்தானே நீ குனியற."

உண்மைதான். பக்தியால்தான் அங்கே கண்ணை மூடாமல் நிற்கிறேன் என்று நானே நம்பியிருந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் ஒன்றும் நடக்காதது மாதிரி ஏணியில் ஏறிக் கூண்டில் உட்கார்ந்தேன். கூண்டை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. இனிமேல் கண்ணாலேயே சமாளித்துவிடலாம், புகை வந்தால் மெதுவாக இறக்கலாம் என்று கீழே பார்த்தேன். கொக்கி கலாசியின் தலைக்கு எதிரே தொங்கியது. அவன் மாட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து என்னைப் பார்த்தபடி நின்றான். ஹெல்மெட்டின் கீறல் நேராக என் பக்கம் இருந்தது. வாயசைத்து ஏதோ சொன்னான். கேட்கவில்லை, ஆனால் கெட்ட வார்த்தை என்று தெரிந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. பிரேக் பூட்டினேன். பதினான்கு வருடம் ஏறி இறங்கிய ஏணியில் படி தெரியாமல் தடவித் தடவி இறங்கி, நேராக ஃபோர்மேனிடம் போய்ச் சொன்னேன்.

"காது கேக்கலியா? எத்தினி நாளா?" என்று ஃபோர்மேன் கேட்டார்.

"நேத்துலேர்ந்து சார்" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் அப்படித்தான்.

"ரெண்டு மாசமா சார்" என்றான் பின்னால் வந்த கலாசி. அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

என்னை யார்டுக்கு மாற்றினார்கள். ஆறிய சட்டங்களைக் கட்டி, கட்டுகளில் தகர அட்டை மாட்டுகிற வேலை. கலாசி அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பல மாதம் கழித்து, அவன் அப்பா இறந்தபோது, கண்ணீர் அஞ்சலி அடிக்கப் போட்டோவோடு வந்தான். மனைவி எழுத்துக் கோர்த்தாள். நான் மேஜைக்கு அடியில் சப்வூஃபர் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு போடவில்லை, பழக்கத்தில் வைத்த கால். அவன் போகும்போது வாசலில் முதுகைக் காட்டியபடி ஏதோ சொன்னான். கேட்ட மாதிரி தலையாட்டினேன்.

"இன்னா சொன்னான்?"

மனைவி என் முகத்துக்கு முன்னால் வந்து உரக்கச் சொன்னாள். "புது ஆளு கிரேனைக் கண்டபடி ஆட்றானாம். எறக்கறதுல நீ தேவலாமாம்."

அடுத்த நாள் யார்டில் அட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது ஷெட்டுக்குள் வெள்ளைப் புகை கிளம்பியது. கையிலிருந்த கட்டிங் பிளேயரைக் கீழே போட்டுவிட்டு, கூரையைத் தாங்குகிற இரும்புத் தூணில் உள்ளங்கையை வைத்தேன். கிரேன் ஓடுவது தூண் வழியாகக் கைக்கு வந்தது. ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. கலாசி நீட்டி ஊதியிருக்கிறான், மேலே இருப்பவனுக்குக் கேட்டிருக்கிறது. கையை எடுத்துவிட்டு அடுத்த அட்டையை மாட்டினேன். மறுபடி புகை வந்தது.