சந்திரனுக்கு லைன் கிளியர்

மனிதன் விண்வெளிக்குப் போய்வந்துவிட்டான் என்று பேப்பரில் செய்தி வந்த கொஞ்ச நாளில், விழுப்புரம் ரயில்வே காலனியில் எங்கள் ஹெட் கிளார்க்கும் போவதாக முடிவு செய்தார். அவர் பார்சல் ஆபீசில் மாம்பழக் கூடைகளையும் கோழிக் கூண்டுகளையும் ஆண்டுகொண்டிருந்தவர். வருஷா வருஷம் காலனி மன்றத்து ஆண்டு விழாவுக்கு அவரே நாடகம் எழுதி, அவரே நடத்தி, அவரே கதாநாயகனாக நடிப்பார். அதுவரை ராஜாவாக நடித்தவர் அந்த வருஷம் ராக்கெட் கேப்டன் ஆனார். கிரீடத்தைத்தான் கழற்றினாரே ஒழிய வசனம் பழையதுதான்.

இந்த ஆசை அவருக்குத் திண்டிவனத்தில் ஒரு டென்ட் கொட்டகையில் பிடித்தது. ஏதோ இங்கிலீஷ் படம். என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். ராக்கெட்டுக்குள் வெள்ளைக்காரர்கள் ஒரு பெரிய சாய்வு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை முழுக்க விளக்குகள், முள் ஆடும் வட்டங்கள், இழுக்கிற கைப்பிடிகள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று கொட்டகையில் ஒருவருக்கும் புரியவில்லை. எனக்குப் பக்கத்தில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், உரித்துத் தின்றுகொண்டிருந்த ஆள் அதைக் கரும்பாலை என்றே கடைசிவரை நம்பினார். எங்கள் ஹெட் கிளார்க் மட்டும் எழுந்து நின்றுவிட்டார், பின்னாலிருந்தவர்கள் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

திரும்பி வரும்போது பாசஞ்சரில் சொன்னார். "அந்த மேஜைதான்யா டிராமாவே. அதே மாதிரி ஒண்ணு செஞ்சிடணும். ஒரு ஸ்க்ரூ மாறக்கூடாது. நீதான் செய்யப்போற."

நான் அப்போது விழுப்புரத்தில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராகப் புதிதாகச் சேர்ந்தவன். கொஞ்சம் கை வேலை தெரியும், செத்த ரேடியோவைத் திறந்து பார்ப்பேன். வேறு சமயமாக இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். ஆனால் அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு காரணம் இருந்தது.

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டிக்காரர் வீட்டில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். என் மாமா அங்கே என் பெருமையை அளந்துகொண்டிருந்தார். விழுப்புரத்தில் எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று முடிவு செய்வதே நான்தான் என்றார். காப்பி டம்ளரை எடுக்க வந்த பெண் நின்று, "அப்படியா? அப்ப நாங்க லேட்டா வந்தா நிறுத்தி வைப்பீங்களா?" என்று என்னையே கேட்டாள். எங்கள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அன்றைக்குப் பிறகு வேறு பெண்ணை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவளுடைய அப்பா சம்மதம் சொல்லவில்லை. பையன் வேலையில் எப்படி என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஸ்டேஷனில் என்னைப் பார்த்தால் ஒரு இருட்டு அறையில் ரிஜிஸ்டரில் கிறுக்கிக்கொண்டிருப்பதைத்தான் பார்ப்பார். "டிராமாவுக்கு வாங்க, பெரிய மெஷினு ஒண்ணு செய்றான், அவன்தான் ஓட்டுறான்" என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். ஆக, என் கல்யாணம் அந்த மேஜையின் மேல் வந்து உட்கார்ந்தது.

படம் அதற்குள் கூடாரத்தைக் காலி செய்துகொண்டு புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது. அதே மாதிரி என்றால் எதே மாதிரி என்று கேட்க ஆள் இல்லை. வட்டங்கள் மேலே இருந்தன என்று நான் சொன்னால், கீழே என்பார் ஹெட் கிளார்க். ஒருநாள் கைப்பிடி இடப்பக்கம் என்பார், மறுநாள் வலப்பக்கம் என்பார், இரண்டு நாளும் "படத்துல இருந்த மாதிரியே" என்பார். தான் நிற்கப்போகும் பக்கத்துக்குத் தோதாக வெள்ளைக்காரன் ராக்கெட்டை மாற்றிக்கொண்டே இருந்தார்.

டீத்தூள் வரும் பலகைப் பெட்டிகளைப் பிரித்து மேஜை செய்தேன். எண்ணெய் டின்னைத் தட்டி நிமிர்த்தி மேலே அடித்து, அலுமினியம் பெயின்ட் பூசினேன். வளவனூர் ரைஸ்மில்லில் உடைந்து கிடந்த ஒரு பிரஷர் மீட்டர், பழைய லாரியின் ஸ்பீடாமீட்டர், செத்த ரேடியோவின் முகப்பு எல்லாம் வரிசையாக ஏறின. டார்ச் பல்புகளுக்குக் கலர் கண்ணாடித் தாள் சுற்றினேன். ஒலிபெருக்கிக்கு வலை வேண்டும் என்று அம்மா கேப்பை மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துப் பதித்தேன். அம்மா அந்தச் சல்லடைக்காகச் சந்திர மண்டலத்தையே சபித்தார். பெயின்டர் ஒருவர் வந்து மேலே கொட்டை எழுத்தில் 'கண்ட்ரோல்' என்று எழுதிக்கொடுத்தார்.

எல்லாம் முடிந்து ஒத்திகைக்கு நின்றபோதுதான் தகராறு வந்தது. கேப்டன் கைப்பிடியை இழுக்கிறார், ராக்கெட் கிளம்புகிறது. அவ்வளவுதான் காட்சி. நான் கேட்டேன்:

"சார், லைன் கிளியர்?"

ரயில்வேக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஒரு ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்புமுன், அடுத்த ஸ்டேஷனுக்கு மணி அடித்து, பாதை காலியா என்று கேட்க வேண்டும். அங்கிருந்து பதில் மணி வந்தால்தான் லைன் கிளியர். அதற்கு அடையாளமாகப் பிரம்பு வளையத்தில் கட்டிய ஒரு வில்லையை டிரைவர் கையில் கொடுப்போம். அது கைக்கு வராமல் மந்திரி ஏறிய வண்டியானாலும் ஒரு அடி நகராது. எங்கள் ஹெட் கிளார்க் இருபது வருஷமாக ரயில்வேயில் இருந்தும் கூடையைத் தவிர எதையும் அனுப்பியதில்லை.

"சந்திரன்ல ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கானாய்யா?" என்றார்.

"வண்டி போவுதுன்னா அங்க வாங்கிக்க ஒரு ஆள் இருந்துதானே ஆவணும் சார்."

நடிக்க வந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். பாயின்ட்ஸ்மேன், போர்ட்டர், கார்டு, எல்லாருமே லைன் கிளியர் இல்லாத பயணத்துக்குத் துணைபோக மாட்டோம் என்றார்கள். கார்டு இன்னும் ஒருபடி மேலே போய், ராக்கெட்டுக்குப் பின்னால் கார்டு ஏறுகிற பிரேக் வேன் எங்கே என்று கேட்டார். பச்சைக் கொடி ஆட்ட ஒரு இடம் தருவதாகச் சொல்லித்தான் அவரைச் சமாதானப்படுத்த முடிந்தது.

ஹெட் கிளார்க் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பழைய இரும்புக் கடையில் இரண்டு மின்சார மணிகள் கிடைத்தன. ஒன்றை மேஜையில் வைத்தேன், அது நாம் கேட்கிற மணி. இன்னொன்றையும் மேஜையிலேயே வைத்து, அதன் ஒயரைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு போர்ட்டர் கையில் ஸ்விட்ச் கொடுத்தேன். அவர்தான் சந்திரன். எனக்கு ஒரே ஒரு வசனம்: "சந்திரனிலிருந்து லைன் கிளியர் வந்துவிட்டது, கேப்டன்." சொல்லிவிட்டு வளையத்தைக் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். மண்டிக்காரர் குடும்பத்தோடு பாசஞ்சரில் வந்து இறங்கினார். மாமா அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். திரை விலகியதும் மேஜையைப் பார்த்துக் கூட்டம் கை தட்டியது. மண்டிக்காரர் மட்டும் மேஜை மேலிருந்த எழுத்தைப் படித்து முகம் சுளித்தார். அரிசிக்கும் எண்ணெய்க்கும் ரேஷன் இருந்த காலத்தில் கண்ட்ரோல், கண்ட்ரோல் என்று அதிகாரிகள் அவர் மண்டியை வந்து குடைந்திருக்கிறார்கள். "இன்னாங்க இது, மறுபடியும் கண்ட்ரோலா?" என்று என் மாமாவிடம் கேட்டது மேடைவரை கேட்டது.

கேப்டன் வந்தார். முழங்கால்வரை தகர பூட்ஸ். தாய்மண்ணிடம் விடைபெற்றார், வானத்திடம் விடைபெற்றார், காட்சியில் இல்லாத மனைவியிடம் விடைபெற்றார். விடைபெற்றுக்கொண்டே மேடையை அளந்தபோது பூட்ஸ் ஒயரில் மாட்டியது. அவர் காலை உதறிக்கொண்டு பேசிக்கொண்டே போனார். எனக்கு அது தெரியவில்லை.

நான் மணியை அடித்தேன். டிங் டிங் என்று நன்றாக ஒலித்தது. காத்திருந்தேன். பதில் இல்லை. மறுபடியும் அடித்தேன். சந்திரன் சும்மா இருந்தது. திரைக்குப் பின்னால் போர்ட்டர் ஸ்விட்ச்சை அமுக்கு அமுக்கு என்று அமுக்கிக்கொண்டிருந்தாராம்.

"குடுய்யா" என்றார் கேப்டன், பல்லைக் கடித்துக்கொண்டு.

வளையம் என் கையில் இருந்தது. கொடுத்திருக்கலாம். பலகைப் பெட்டி, எண்ணெய் டின், சல்லடை. எல்லாம் நான் அடித்த ஆணி. ஆனாலும் கை நீளவில்லை. "பதில் வரலிங்க சார்" என்றேன்.

கூட்டத்தில் பாதி ரயில்வேக்காரர்கள். ஒரு டிரைவர் பின்னாலிருந்து, "தர்லன்னா வுடு சார், பிளாட்பாரத்துலயே நிக்கட்டும்" என்றார். கை தட்டினார்கள். கேப்டன் வளையத்தைப் பிடித்து இழுத்தார், நானும் விடவில்லை. கடைசியில் அவர் அதை உதறிவிட்டு, கைப்பிடியை இழுத்து, "புறப்படு விண்கலமே" என்று முழங்கினார். சாம்பிராணிப் புகை எழுந்தது. கார்டு கொடியை ஆட்டவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "லைன் கிளியர் இல்லாம எடுத்துட்டாருயா, பேஜாரு ஆவப்போவுது" என்று அந்த டிரைவர் அறிவித்தார்.

ஒரு பேஜாரும் ஆகவில்லை. கேப்டன் சந்திரனில் இறங்கினார், அங்கும் தாய்மண்ணைப் பற்றிப் பேசினார், தலைமை தாங்க வந்த அதிகாரி துணிச்சலைப் பாராட்டி அவருக்கு மாலை போட்டார். எனக்கு ரோஜாப்பூ ஒன்று கொடுத்தார்கள், காம்பு இல்லாமல்.

நாடகம் முடிந்ததும் மேஜையைத் தொட்டுப் பார்க்கக் கூட்டம் மேடை ஏறியது. மண்டிக்காரரும் ஏறினார். பிரஷர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார், ரைஸ்மில் சரக்கு என்று உடனே கண்டுபிடித்தார். அவருக்குப் பின்னால் அவள் வந்தாள். அப்பா அந்தப் பக்கம் நகர்ந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கேக்குற மணி எதுங்க?"

காட்டினேன். அவள் விரலை வைத்து அமுக்கினாள். டிங் டிங். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"பதில் மணி அடிக்கலீங்களே?" என்றாள்.

"ஒயர் அறுந்துபோச்சிங்க" என்றேன்.

சரியான பதில்தான். எந்த இடத்தில் அறுந்தது என்றும் குனிந்து காட்டினேன். எந்த பேட்டரி, எத்தனை வோல்ட் என்றும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு "சரிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு வீடுகளும் கௌரவத்தில் இறங்கின. "பொண்ணு வூட்டுக்காரங்கதான் வந்து கேக்கணும். நாம போயி நின்னா எளப்பம்" என்றார் அம்மா. நாடகத்தன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று அங்கே உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன செய்தேன்? திண்டிவனம் பக்கம் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் தவறாமல் மணி அடித்து, கேட்டு, பதில் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இப்போதும் முழுசாகத் தணியவில்லை, பாதி என்னைச் சேர வேண்டியது என்று தெரிந்தும்.

அந்த வண்டிகளில் ஒன்றில் ஹெட் கிளார்க் போனார். வெற்றிலை, பாக்கு, பழத்தட்டோடு. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கைப்பிடியை இழுத்த மாதிரியே கிளம்பிவிட்டார். அவருக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இருந்தான், அவனுக்குப் பெண் கேட்டார். மேடையில் மாலை வாங்கியவர் வீட்டுச் சம்பந்தம் என்றதும் மண்டிக்காரர் சரி என்றார். "அந்த ஸ்டேஷன் புள்ள நல்ல புள்ளதான். ஆனா ஒரு மணிக்கோசரம் கையக் கட்டிக்கினு குந்திகினு இருக்குது, எப்டி பொழைக்கும்?" என்றாராம். அதை எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னவரும் ஹெட் கிளார்க்தான், பத்திரிகை வைத்துவிட்டு.

மேஜையும் அவர் வீட்டுக்கே போனது. சமையலறையில் பாத்திரம் கவிழ்க்க வசதியாக இருந்ததாம். அம்மாவின் சல்லடையைக்கூடத் திருப்பித் தரவில்லை. பதில் மணியை மட்டும் ஒயரைக் கட்டித் தருகிறேன் என்று சொல்லி நான் கழற்றி எடுத்துவந்து பெட்டியில் போட்டேன்.

அவள் கல்யாணம் முடிந்து சில மாதம் இருக்கும். பார்சல் விஷயமாக அவசரமாக ஹெட் கிளார்க்கைக் கூப்பிட அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வாசலில் அழைப்பு மணி வைத்திருந்தார்கள். பார்த்ததுமே தெரிந்தது, நான் வாங்கிய மணி, மேஜையிலிருந்த கேட்கிற மணி. வேறு வழியில்லாமல் அமுக்கினேன். டிங் டிங்.

கதவைத் திறந்தது அவள். கையில் ஈரம், புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். மூத்தார் குளிக்கிறார், வந்துவிடுவார் என்றாள். நான் தலையாட்டிவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் அதைப் பார்த்தாள்.

"இது நல்லா அடிக்குதுங்க" என்றாள். "அந்த இன்னொண்ணுக்கு ஒயர் கட்டிட்டீங்களா?"