சைக்கிளிடம் சொன்ன பன்னிரண்டு இட்லி

நகரி ஆஸ்பத்திரி வாசலில் இட்லிக் கடை போட்டிருந்த செங்கம்மாவின் வாயில் ரகசியம் தங்காது. இட்லிப் பானை ஆவியை அடக்கினாலும் அடக்கும், அவள் அடக்கமாட்டாள். அதனால்தான் தறிக்காரர் ஏழுமலை அவளிடம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினார். மனுஷர் யாருக்கும் சொல்லமாட்டேன் என்று அவளும் அணைத்தாள். அணைத்த சத்தியத்தை மீறினால் குடும்பம் விளங்காது.

ரகசியம் இதுதான். ஆந்திராவுக்குப் போன நகரியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கும்வரை சோறு தொடமாட்டேன் என்று ஏழுமலை ஆஸ்பத்திரிக்கு எதிரே பந்தலில் உட்கார்ந்திருந்தார். எல்லைக்காக உயிரைக் கொடுப்பார், பசிதான் அவருக்கு ஆகாது. தினமும் விடியற்காலையில் செங்கம்மா துணிமூட்டைக்குள் பன்னிரண்டு இட்லி கொண்டுபோவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக ஐந்து நாள் ஓடியது. மேனி வாடாததைப் பார்த்த ஜனங்கள் தெய்வ அருள் என்றார்கள்.

ஆறாம் நாள் காலை அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். கோஷத்தோடும் மாலையோடும் தூக்கி வந்தார்கள். பட்டினி மயக்கம் என்று எல்லாரும் சொல்ல, டாக்டரும் நம்பி, குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஏழுமலை முனகினாரே தவிர இட்லியைப் பற்றி மூச்சு விடவில்லை. செங்கம்மா எட்டிப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது, நெற்றியில் சில்லென்று வேர்வை. பட்டினி கிடக்காத மனுஷனுக்குப் பட்டினி வைத்தியம் பார்த்தால் பிழைப்பாரா? சொன்னால் சத்தியம் போகும், சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார். அவளுக்கு அழுகை வந்தது.

வராந்தாவில் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய சைக்கிள். செங்கம்மா போய் அதன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

“சைக்கிளு, நீ கேட்டுக்கோ. இன்னிக்கி விடியகாத்தால கூட பன்னெண்டு இட்லி துன்னாரு. சட்னி ரெண்டு வாட்டி கேட்டாரு. இது பசி மயக்கம் இல்ல.”

டாக்டர் ஈரக்கையோடு உள்ளே ஓடினார். நாடி தறிகெட்டு ஓடியது, வயிறு பலகையாக இறுகியிருந்தது, இடது தோளிலும் வலி. மாதக்கணக்காக மலேரியாக் காய்ச்சல் என்றாள் ஏழுமலையின் மனைவி கமலம்மா. வயிற்றில் ஊசி குத்தி இழுத்தால் ரத்தம் வந்தது. கண்ணாடிக் குழாயில் விட்டு வைத்தார், உறையவில்லை; அப்படியானால் ஊசி பட்டுக் கசிந்த ரத்தமல்ல, வயிற்றுக்குள் தேங்கிய ரத்தம். காய்ச்சலில் வீங்கிய மண்ணீரல் தானாகவே கிழிந்து, உள்ளுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. மச்சானின் ரத்தம் பொருந்தியது, அதை ஏற்றினார்கள். மயக்க மருந்துக்கு முன் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்தார்கள். தெரியாமல் மயக்கியிருந்தால் அந்த இட்லியே மூச்சை அடைத்திருக்கும் என்றார் டாக்டர். பிறகு வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்ததும் ரத்தம் நின்றது.

கண் விழித்ததும் ஏழுமலை கேட்ட முதல் கேள்வி, “யாருக்குனா சொன்னியா?”

“மனுசங்க யாருக்கும் சொல்லல,” என்றாள் செங்கம்மா. சொன்னது எதனிடம் என்பதையும் காதோடு சொன்னாள். அவர் சிரிக்கப் போய்த் தையல் வலித்தது.

எல்லை முடிவானபோது நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. ஆனாலும், டாக்டரும் கமலம்மாவும் விஷயத்தை வெளியே விடாததால், பட்டினியால் குடல் வெந்த தியாகி என்று ஊர் கூடி ஏழுமலைக்கு ஆளுயர மாலை போட்டது. அவர் மாலையோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். கூட்டமும் பின்னாலேயே போனது. வராந்தாவில் நின்ற சைக்கிளுக்கு அந்த மாலையைப் போட்டு, இரண்டு கையாலும் கும்பிட்டார்.

தியாகிக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊர் பரிதாபப்பட்டது. செங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டு இட்லியை இலையில் எடுத்துவைத்தாள்.